தரகர் கேட்ட நிழல்

"மூணாவது செடியும் சாகுது அம்மணி. இதுக்கு என்ன சொல்றீங்க?"

கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து அவரைக்காய் விதை பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சுற்றி உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கோத்தகிரிச் சரிவில் அவளை அம்மணி என்று கூப்பிட்ட ஆள் இதுவரை கிடையாது. ஏதாவது கேட்டு வருகிற எல்லோருக்கும் அவள் கூடைச்சாமி. வயது நாற்பதுதான் இருக்கும். எழுபது வயதுக்காரரும் சாமி என்றுதான் கூப்பிடுவார், கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

செங்கோடன் கையைக் கட்டி நிற்கிற ஆள் இல்லை.

மாட்டுத் தரகர். அறுபத்தொரு வயது. பதினோரு வயதில் சந்தைக்குச் சாணி அள்ளப் போனார். பதினைந்தில் மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொன்னார். இருபதில், அவர் துண்டு விரியாமல் அந்தச் சந்தையில் ஒரு ஜோடிக் காளை கைமாறாது என்று ஆயிற்று. பள்ளிக்கூடம் அவருக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. எருமை உதைத்துச் சொல்லித் தந்தது, ஏமாற்றியவன் சொல்லித் தந்தான், பசி சொல்லித் தந்தது. யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் குறைத்துப் பேசுவது அவர் வழக்கம். டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால், அஞ்சு நாளாக்குங்க என்பார்.

"எது சாகுது?" என்றாள் கூடைச்சாமி.

"நீங்க குடுத்ததுதான். டாக்வுட்டு. நாய் பேரு வெச்ச மரத்துக்கு இத்தனை திமிரு ஆகாதுங்க."

அவளுக்குப் பின்னால் அந்த மரம் நின்றது. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு துரை கடல் தாண்டிக் கொண்டுவந்து வைத்ததாம். பெரிய உயரமில்லை. கிளைகள் தட்டுத் தட்டாக விரிந்திருக்கும். பங்குனி பிறந்தால் இலையைவிடப் பூ அதிகம். ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அளவு, நாலே இதழ், சுத்த வெள்ளை.

போன வருஷம் கூடைச்சாமி ஊருக்குக் கஞ்சி ஊற்றிய அன்று செங்கோடனின் மனைவி பாவாயி அந்த மரத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"அந்த மரம் ஒண்ணு நம்மூட்டுல இருந்தா நல்லாருக்குமுங்க."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அவள் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்டதில்லை, அவரே வாங்கிப் போட்டார். வீடு கேட்டதில்லை, அவரே கட்டினார். தொழிலை விட்டுவிட்டு மலைக்குக் குடிவந்ததும் அவர் முடிவுதான்.

மறுநாளே வந்து செடி வாங்கிப் போனார். செத்தது. இன்னொன்று வாங்கிப் போனார். அதுவும் செத்தது.

மூன்றாவது செடியை நட்ட அன்று பாவாயி சொன்னாள்:

"இதும் பட்டுப்போச்சுன்னா விட்ருங்க. இனிமேலு எனக்குன்னு எதும் கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் செங்கோடன் கவலைப்பட்டிருக்க மாட்டார். கத்துகிறவன் வியாபாரத்துக்குத் திரும்பி வருவான். சத்தமில்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான் பாருங்கள், அவன் வரவே மாட்டான். பாவாயி துண்டை உதறிய மாதிரி இருந்தது அவருக்கு.

அதனால்தான் விடியக் காலையிலேயே மலையேறி வந்து நின்றார்.

"தண்ணி?" என்றாள் கூடைச்சாமி.

"காலையில ஒரு கொடம், சாயங்காலம் ஒரு கொடம்."

"எரு?"

"ரெண்டு வண்டி. எங்கூர்ல இருந்து எறக்குனேன். மாட்டு எருவைப் பத்தி எனக்கு நீங்க சொல்ல வேண்டாம்."

"குழி?"

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்தினார். "மொதச் செடிக்கு முழங்கால் ஆழம். செத்துச்சு. ரெண்டாவதுக்கு இடுப்பாழம். அதுவும் செத்துச்சு. இதுக்கு என் மார் ஆழம். முக்காலுக்கு எருவப் போட்டு, செடிய எறக்கி, மண்ணைத் தள்ளி, மிதிச்சு, மேல இன்னும் ரெண்டு சாணுக்கு மண்ணேத்தி, சுத்திலும் சிமெண்டுல வட்டம் கட்டி, டைல்ஸ் ஒட்டி வெச்சிருக்கேன். யானை முட்டுனாலும் அசையாது. கொறைன்னு ஒண்ணு வெக்கலீங்க."

கூடைச்சாமி விதையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள்.

"அந்தத் துண்டைக் குடுங்க."

கொடுத்தார்.

அவள் அதை அவர் கழுத்தில் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று தாடைக்கு மேலே ஏறியது. நாலாவது வாயை மூடி, மூக்கை மூடியது. பின்கழுத்தில் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இப்ப ஒரு மாட்டுக்கு வெலை பேசுங்க பாப்போம்."

"ம்ம்ம்ம்," என்றார் செங்கோடன்.

அவள் போய்க் கூடைமேல் உட்கார்ந்து மறுபடியும் விதை பொறுக்கத் தொடங்கினாள்.

செங்கோடனும் வீம்புக்கு நின்றார். மூச்சு முட்டியது. முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் முடிச்சைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கத்தினார்:

"மனுசனக் கொல்லப் பாக்கறீங்களா? வெளையாடறதுக்கு நானு பச்சப்புள்ளயா? நானு செடியப் பத்திக் கேட்டா நீங்க…"

"நானும் செடியப் பத்தித்தான் சொன்னேன்," என்றாள் கூடைச்சாமி.

செங்கோடன் துண்டைப் பொறுக்கிக்கொண்டு விருட்டென்று திரும்பினார்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே இறங்கினார். தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரையோ திட்டுகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. துண்டைத்தான் திட்டினார்.

வீட்டு கேட்டைத் திறந்தவர் செடிக்கு முன்னால் நின்றார்.

ஆள் உயரம். குச்சி குச்சியாய்க் கிளை, பதினைந்து இலை. தண்டு நேராக வந்து, ஊசி துணிக்குள் போகிற மாதிரி மண்ணுக்குள் போயிற்று.

அவர் மாட்டுக்காரர். உருவத்தைப் பார்த்தே பழகிய கண். கூடைச்சாமி மரம் மண்ணைத் தொடுகிற இடத்தை நினைத்துப் பார்த்தார். அந்த மரம் இப்படி நேராக இறங்கவில்லை. அடியில் பாவாடை விரிந்த மாதிரி அகன்று, அதற்கப்புறந்தான் வேராகி மண்ணுக்குள் போயிற்று.

இதற்கு அந்த விரிவு எங்கே?

மண்டி போட்டு உட்கார்ந்து கையாலேயே தோண்டினார். ஒரு சாண். இல்லை. இரண்டு சாண். அங்கே இருந்தது கழுத்து. தண்டு வேராக மாறுகிற இடம். பட்டை ஊறி, கறுத்து, தொட்டால் வழுவழுவென்று அழுகல் வாசனை அடித்தது.

செங்கோடன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் கடப்பாரையை எடுத்துவந்து டைல்ஸ் வட்டத்தை உடைத்தார். ஏற்றிய மண்ணையெல்லாம் வாரி எறிந்தார். கழுத்து தெரிகிற மட்டும் பள்ளம் பறித்து, தண்ணீர் தேங்காமல் ஓரத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டார்.

வாசலில் நின்று பார்த்த பாவாயி கேட்டாள், "அந்த டைல்ஸு நல்லாத்தான இருந்துச்சு?"

"எதுக்கு நல்லாருந்துச்சு? பாக்கறவனுக்கு நல்லாருந்துச்சு."

அவள் திரும்பிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

பத்து நாளில் ஒரு துளிர் வந்தது. செங்கோடன் தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பால்காரன் இரண்டு தடவை பார்த்தான்.

இருபதாவது நாள் அந்தத் துளிரின் ஓரம் கருகியது. அதற்கு அடுத்த வாரம் எல்லா இலையும் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டு வந்தது, அப்பளம் சுட்ட மாதிரி.

மறுபடியும் மலையேறினார். உச்சி தாண்டிய நேரம். ஏறும்போதே அவர் குரல் மேலே கேட்டது.

"கழுத்தையும் எடுத்து விட்டாச்சு! மூச்சும் விடுது! இன்னும் ஏன் காயுது? மிச்சத்தையும் சேத்து அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? பாதி மாட்டை வித்துட்டு மீதிக்கு மறுபடி வான்னு சொல்ற மாதிரி இருக்குது உங்க தொழிலு!"

கூடைச்சாமி தன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மரத்தில் கடைசிப் பூக்கள். இன்னொரு கூடையைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காந்து திட்டுங்க."

உட்கார்ந்து திட்டினார். மலையைத் திட்டினார், மண்ணைத் திட்டினார், கடல் தாண்டிச் செடி கொண்டுவந்த துரையைத் திட்டினார். நடுவில் கூடையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பூ அவர் மடியில் விழுந்தது. அதைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பூவுக்காகத்தான் இத்தனை பாடு!"

"அது பூ இல்ல."

"என்னது?"

"அந்த வெள்ளை நாலும் இலை. பூ நடுவுல இருக்குது பாருங்க, பச்சையா மணி மாதிரி. அதுதான் பூ."

செங்கோடன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கடுகு கடுகாய் ஒரு கொத்து.

"அப்ப இத்தனை நாளா நானு பாத்து மயங்குனது வெறும் வெளம்பரப் பலகையா?"

"தேனீக்கு வழி காட்டணுமில்ல."

"நல்ல தரகு மரமா இருக்குதே!" அவரை அறியாமல் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டு மறுபடியும் கோபத்துக்குப் போனார். கூடையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செடிய எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் அவள்.

"கேட்டுக்குப் பக்கத்துல. ரோட்டுல போற வண்டியெல்லாம் நின்னு பாத்துட்டுப் போகணுமில்ல? சுத்தியும் சிமெண்டுத் தரை. மத்தியானத்துக்கு மேல வெய்யிலு சாயற வரைக்கும் அங்கதான் இருக்கும். ஒரு செடிக்கு அதுக்கு மேல என்னங்க வேணும்? வெய்யிலு வேணும், தண்ணி வேணும்…"

மூன்றாவது தடவையாகக் கூடையை இழுத்தார்.

"அந்தக் கூடைய எதுக்கு நகத்திக்கிட்டே இருக்கீங்க?"

"வெய்யிலு அடிக்குதுல்ல?" என்றார் செங்கோடன்.

சொன்னவர் கூடையிலிருந்து கையை எடுத்தார்.

கீழே பார்த்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கூடை இழுபட்ட கோடு மண்ணில் தெரிந்தது. நிழல் நகர நகர அவரும் நகர்ந்திருந்தார்.

"அதுக்குக் கால் இல்லையே," என்றார் மெதுவாக.

மேலே பார்த்தார். கூடைச்சாமியின் மரம் தனியாக நிற்கவில்லை. அதற்கு மேலே, இன்னும் உயரத்தில், ஒரு பெரிய காட்டு மரம் குடை பிடித்த மாதிரி நின்றது. வெயில் அதன் இலைகளில் வடிகட்டித்தான் கீழே வந்தது. எத்தனை தடவை வந்திருக்கிறார்! வெள்ளையைப் பார்த்தவர் அதற்கு மேலே பார்த்ததே இல்லை.

"காலை வெய்யிலு அதுக்குப் புடிக்கும்," என்றாள் கூடைச்சாமி. "மத்தியானத்துக்கு மேல யாராச்சும் மறைக்கணும். காட்டுல பெரிய மரத்தடியில வளந்த சாதி."

"என் எடத்துல பெரிய மரமே இல்லீங்களே."

"பக்கத்துல?"

செங்கோடன் பூவின் வெள்ளை இதழ் ஒன்றைப் பிய்த்தார்.

"பக்கத்துல?" என்றாள் மறுபடியும்.

"ஒரு நாவ மரம் இருக்குது. எங்க மாப்ளயோடது. பாவாயி தம்பி, வையாபுரி. டீ ஃபேக்டரியில ஃபிட்டரு. அவன்தான் எனக்குப் பக்கத்து மனைய வாங்கிக் குடுத்தான். மரம் எல்லையோரமா நிக்குது. அதோட கெளை என் பக்கம் முழுக்கக் கவிஞ்சிருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"பழம் விழுந்து என் வாசல் டைல்ஸெல்லாம் ஊதா. புதுசா வாங்குன வெள்ளைக் காரு மேல ஊதா. வெட்டுறான்னேன். 'அக்காவுக்கு நாவப்பழம் புடிக்குமுன்னு வெச்சது மாமா'ன்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. ஆள வெச்சு நானே வெட்டிப்போட்டேன். அவன் கேக்க வந்தான். நானும் நாலு வார்த்தை சேத்துப் பேசிப்போட்டேன். அப்புறம் ஆறடிக்குச் சொவரு வெச்சேன். மேல கண்ணாடிச் சில்லு பதிச்சேன்."

"எப்ப?"

"ஆறு வருசம் ஆச்சு."

"பேச்சு?"

"இல்ல."

"உங்க சம்சாரம்?"

"அவளும் பேசறதில்ல. நானு பேச வேண்டாமுன்னு சொல்லல. அவளா நிறுத்திக்கிட்டா."



"செடிய எங்க வெக்கச் சொன்னாங்க?" என்றாள் கூடைச்சாமி.

"யாரு?"

"கேட்டவங்க."

செங்கோடனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் செடி வந்த அன்றே பாவாயி சொல்லியிருந்தாள்: சுவரோரமா வெய்ங்க, ரெண்டு ஊட்டுக்கும் தெரியறாப்ல. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரோரம் வைத்தால் ரோட்டுக்குத் தெரியாதே.

இப்போதும் அவர் அதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். வியாபாரிக்குக் குரல் திரும்பி வந்தது.

"சரி. பச்சை வலை வாங்கிக் கட்டறேன். நாலு கம்பி நட்டுக் கூரை மாதிரி போட்டர்றேன்."

"கட்டுங்க."

"பூக்குமா?"

"பூத்தா வலைதான் பாக்கும்."

"அப்ப நெழலுக்கு வெலை பேசிக்கறேன். மாப்ள ஒரு வெலை சொல்லட்டும். எதுக்கும் ஒரு வெலை இருக்குது."

கூடைச்சாமி கையை நீட்டினாள். "துண்டு."

இந்தத் தடவை அவள் அதைக் கழுத்தில் சுற்றவில்லை. தன் வலக்கைமேல் விரித்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

செங்கோடனின் கை பழக்கத்தில் தானாகத் துண்டுக்கு அடியில் போயிற்று. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் ஒருவன் மற்றவனின் விரலைப் பிடிப்பான். எத்தனை விரலோ அத்தனை. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் பிடிக்கிறவன் தன் தேவையைக் காட்டிவிட்டான், அவன் தோற்றான். செங்கோடன் தன் ஆயுசில் ஒருமுறைகூட முதலில் பிடித்ததில்லை.

துண்டுக்குள் அவள் கை விரிந்து கிடந்தது. அவர் கையும் விரிந்து கிடந்தது.

அவள் பிடிப்பாள் என்று அவர் காத்திருந்தார்.

அவளும் காத்திருந்தாள்.

நிழல் நகர்ந்தது. வெயில் அவர் முதுகில் ஏறியது. ஒரு எறும்பு அவர் காலில் ஏறிக் கடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"நீங்க சொல்லுங்க," என்றார் செங்கோடன்.

"வேணுங்கறது எனக்கில்ல."

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

"இப்படியே உக்காந்திருந்தா எப்படிங்க?" என்று எரிந்து விழுந்தார்.

"ஆறு வருசம் உக்காந்திருக்கீங்களே," என்றாள் கூடைச்சாமி.

செங்கோடன் கையை எடுத்தார். துண்டை எடுத்தார். நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார்.

"எப்ப எடுத்து நடலாமுங்க, சாமி?"

அவர் அவளைச் சாமி என்றது அவருக்கே கேட்கவில்லை.

"ஒரு மழை விழட்டும். மண்ணோட சேத்து எடுத்து ஈரச் சாக்குல கட்டுங்க. குழி அகலமா வெட்டுங்க, ஆழமா வேண்டாம். கழுத்து வெளிய தெரியணும்."

நாலாம் நாள் கோடை மழை கொட்டியது. மறுநாள் காலை செங்கோடன் செடியைச் சுற்றி அகலமாக வெட்டி, வேர் உடையாமல் மண்ணுருண்டையோடு தூக்கினார். சாக்கில் கட்டினார்.

பாவாயி ஓடி வந்தாள். "பட்டுப்போச்சுங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குப் புடுங்கிட்டீங்க?"

"சும்மா இரு."

சுவரோரம் போய் நின்று பார்த்தார். துளிர்க்கத் துளிர்க்க அவர் வருஷா வருஷம் வெட்டிவிட்டதில் இந்தப் பக்கம் நாவல் மரம் மொட்டையாக நின்றது. நிழல் முழுக்க சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு முழம்கூட இல்லை. அவர் வெட்டிய கிளை மறுபடி வளர்ந்து கவிய நாலு வருஷம் ஆகும். செடிக்கு அத்தனை நாள் இல்லை.

செங்கோடன் சாக்கைத் தோளில் தூக்கினார். பதினோரு வயதில் சாணி சுமந்ததற்கப்புறம் அவர் தோளில் சுமை ஏறியது அன்றைக்குத்தான். கேட்டைத் திறந்து, ரோட்டில் பத்து எட்டு நடந்து, அடுத்த கேட்டின் முன்னால் நின்றார்.

வையாபுரி வாசலில் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கை முழுக்கக் கிரீஸ். மாமாவைப் பார்த்தான். தோளில் இருந்த சாக்கைப் பார்த்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"என்ன மாமா, மிச்சமிருக்கற கெளையையும் வெட்டணுங்களா?"

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குத் தகுந்த பதில் நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல பதில், காரமான பதில். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பார்.

தோளில் மண் கனத்தது. ஈரம் முதுகில் வழிந்தது.

"நெழலு வேணும் மாப்ள," என்றார்.

வையாபுரிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. எழுந்து நின்றான்.

"என்னது?"

"உம்பட மரத்து நெழலு. இந்தச் செடிக்கு. உங்கக்கா கேட்ட செடி. எம்பக்கம் வெச்சாச் சாகுது. உம்பக்கம் வெக்க எடம் வேணும்."

தெருவில் பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டான். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை.

"வாடகைக்குங்களா?" என்றான் வையாபுரி. அவன் குரலில் இன்னும் கொஞ்சம் விஷம் இருந்தது.

"வெலைதான் சொல்லேன்."

செங்கோடன் சாக்கை இறக்கி வைத்தார். துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டார். நீட்டினார்.

அக்கா புருஷன் சந்தையில் இப்படி விலை பேசுவதைச் சின்ன வயசில் தூர நின்று பார்த்தவன் வையாபுரி. துண்டுக்குள்ளே என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தான். துடைத்தும் போகவில்லை. அப்படியே உள்ளே விட்டான். ஐந்து விரலையும் சேர்த்துக் கையை முழுசாகப் பிடித்தான்.

செங்கோடன் திகைத்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு விலையை யாரும் சொன்னதில்லை.

"இதென்ன மாப்ள கணக்கு?"

"உங்க சந்தைக் கணக்கு எனக்கெங்க மாமா தெரியும்? கையக் குடுத்தீங்க. புடிச்சேன்."

விடவில்லை. செங்கோடனும் இழுக்கவில்லை. துண்டு நடுவில் தொங்கியது.

"பெரிய கைடா உனக்கு," என்றார் கடைசியில். "மம்பட்டி எடு. குழிய அகலமா வெட்டு. ஆழமா வெட்டுனயோ, அப்புறம் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"வந்த ஒடனே ஆரமிச்சுட்டீங்களா?"

"அகலமா வெட்டுடான்னா!"

இருவரும் நாவல் மரத்தடியில் சுவரோரமாகக் குழி வெட்டினார்கள். செடியை இறக்கினார்கள். செங்கோடன் படுத்துக்கொண்டு கன்னத்தை மண்ணில் வைத்துக் கழுத்தைப் பார்த்தார். ஒரு விரல்கடை உயர்த்து என்றார். மண்ணைத் தள்ளினார்கள். யாரும் மிதிக்கவில்லை. காய்ந்த நாவல் சருகை அள்ளிச் சுற்றிலும் பரப்பினார்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பச் சொன்னார் செங்கோடன். எல்லாம் தெரிந்தவர் மாதிரித்தான் சொன்னார்.

தண்ணீர் ஊற்றினார்கள். நிழல் இலை இலையாகச் செடிமேல் விழுந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நட்டாச்சுங்களா?"

பாவாயி அத்தனை நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"நட்டாச்சு," என்றார் செங்கோடன்.

"தம்பி…"

"அக்கா," என்றான் வையாபுரி. நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

நடுவில் சுவர் நின்றது. ஆறடி. மேலே கண்ணாடிச் சில்லு வெயிலில் மின்னியது.

"ஏனுங்க," என்றாள் பாவாயி.

"சொல்லு."

"இங்கிருந்து பாத்தா எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

செங்கோடன் மண் கையைத் துண்டில் துடைத்தார்.

"அதுக்கு?"

"இந்தச் செவுத்த எடுத்துருங்க."

அவள் கேட்டுவிட்டாள்.

செங்கோடன் சுவரை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அறுபது அடி நீளம். அவரே நின்று கட்டியது. ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனாரோடு சண்டை போட்டது. பழக்கப்பட்ட வாய் தானாகத் திறந்தது.

"எத்தனை அடிக்கு?"

"முழுசும்."

திறந்த வாய் அப்படியே இருந்தது. வையாபுரி மாமாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கோடன் வாயை மூடினார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

"மாப்ள, கடப்பாரை இருக்குதா?"